கார்டு ஸ்டேட்மெண்டில் தெரியாத ஹோட்டல் பற்று: அறிவதும் ஆட்சேபிப்பதும்

சரக்கு அனுப்பும் பார்ட்டியிடமிருந்து மாதக் கணக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒத்துப் பார்க்கிறோம். நம்மிடம் பில் இல்லாத பற்று ஒன்று இருந்தால், அன்றைக்கே போன் போட்டு "இது எந்தச் சரக்குக்கு?" என்று கேட்கிறோம். பதினைந்து ரூபாய் வித்தியாசத்தைக்கூட விடுவதில்லை. ஆனால் வங்கியிலிருந்து மாதாமாதம் வரும் கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டை நம்மில் எத்தனை பேர் அப்படிப் பார்க்கிறோம்? அடியில் உள்ள மொத்தத் தொகையைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு, தாளைப் பைலில் போட்டுவிடுகிறோம்.

இந்தப் பழக்கம் நமக்கு இரண்டு விதத்தில் நஷ்டம் உண்டாக்கியது. ஒன்று பண நஷ்டம். மற்றொன்று அதைவிடப் பெரியது. சங்க அன்பர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காக, வெட்கத்தை விட்டு இங்கே எழுதுகிறோம்.

நமக்கு நேர்ந்தது

2024 ஆகஸ்டில் கொள்முதல் விஷயமாக நவி மும்பை வாசி சந்தைக்குப் போயிருந்தோம். பதினோரு வருடமாக நமது கடையில் வேலை பார்க்கும் சிப்பந்தி ஒருவரும் உடன் வந்தார். இரண்டு இரவு ஒரு ஹோட்டலில் தங்கினோம். அறை வாடகை நாளொன்றுக்கு ரூ.5,500. போனவுடன் கவுண்டரில் இருந்தவர் நமது கார்டை மிஷினில் செருகி, "ரூ.5,000 டெபாசிட், காலி செய்தபின் தானாகவே விடுபட்டுவிடும்" என்றார். பின் நம்பரை அடித்துக் கொடுத்தோம். புறப்படும் நாளில் நாம் டாக்சியில் உட்கார்ந்துவிட்டோம். சிப்பந்தியிடம் கார்டைக் கொடுத்து, கணக்கை முடித்து வரச் சொன்னோம். இதுவே முதல் தவறு.

அடுத்த மாத ஸ்டேட்மெண்டில் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயரில் ரூ.14,210 பற்று இருந்தது. ஊர் குருகிராம் என்று போட்டிருந்தது. நாம் அரியானா பக்கமே போனதில்லை. ஹோட்டல் வாடகை என்று நம் மனதில் இருந்ததோ ரூ.11,000. கார்டு யார் கையில் போய் வந்தது என்று யோசித்தோம். பெட்டியடியில் நாலு பேர் இருக்கும்போதே சிப்பந்தியைக் கூப்பிட்டு, "இதில் என்ன வாங்கினாய்?" என்று கேட்டுவிட்டோம்.

அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை பயணப் பையிலிருந்து ஹோட்டல் பில்லைத் தேடி எடுத்து வந்து, "அண்ணாச்சி, இதைப் பாருங்கள்" என்று மேஜைமேல் வைத்தார். வாடகை ரூ.11,000, அதற்கு அன்றிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.1,320, சாப்பாடு ரூ.1,800; அதற்கு 5 சதவீதம் ரூ.90. மொத்தம் சரியாக ரூ.14,210. பில்லின் அடியில் பொடி எழுத்தில் அந்தக் கம்பெனியின் பெயரும், குருகிராம் தலைமை அலுவலக விலாசமும் இருந்தன. நாம் அதே நாலு பேர் முன்னிலையில் அவரிடம் வருத்தம் தெரிவித்தோம். இன்றும் அவர் நம்மிடம்தான் இருக்கிறார். ஆனாலும் கார்டை மட்டும் இப்போது கையில் வாங்குவதில்லை. "நீங்களே போட்டுவிடுங்கள் அண்ணாச்சி" என்று சொல்லிவிடுகிறார்.

கதை இத்துடன் முடியவில்லை. அதே ஸ்டேட்மெண்டில், அதே பெயரில், ரூ.5,000 என்று இன்னொரு வரியும் இருந்தது. பில்லைப் பார்த்து வெட்கப்பட்ட நிலையில், "இது அந்த டெபாசிட், தானாக வந்துவிடும்" என்று விட்டுவிட்டோம். 2025 மார்ச்சில் வருடக் கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர் அலுவலகத்தில், "இந்த ஐயாயிரத்துக்கு வவுச்சர் எங்கே?" என்று கேட்டார்கள். பணம் திரும்பியே வரவில்லை. வங்கியைக் கேட்டால் ஆட்சேபணைக் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். ஹோட்டலைக் கேட்டால் பழைய கணக்கை இனித் திறக்க இயலாது என்றார்கள்.

ஆக, நியாயமான பற்றுக்கு நாம் கூச்சல் போட்டோம். தவறான பற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: கணக்கை ஒத்துப் பார்க்கவில்லை.

முதலில் பெயரைப் பாருங்கள்

ஸ்டேட்மெண்டில் வருவது போர்டில் உள்ள பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கார்டு மிஷின் எந்தக் கம்பெனியின் பெயரில் வங்கியில் பதிவாகியிருக்கிறதோ அந்தப் பெயரே வரும். ஊரும் தலைமை அலுவலக ஊராக இருக்கலாம். இணையதளம் வழியாக அறை பதிவு செய்திருந்தால் ஹோட்டலின் பெயருக்குப் பதில் அந்தத் தளத்தின் பெயர் வரலாம்.

இதைக் கண்டுபிடிக்க நம் கையிலேயே வழி இருக்கிறது. ஹோட்டல் பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், வியாபாரப் பெயர் இரண்டும் வந்துவிடும். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, மகாராஷ்டிரத்துக்கு 27. புதுப் பார்ட்டிக்குச் சரக்கு அனுப்புமுன் நாம் செய்யும் அதே சோதனைதான். அன்று ஐந்து நிமிடம் இதற்குச் செலவிட்டிருந்தால் ஒரு நல்ல மனிதர் மனம் நொந்திருக்காது.

அடுத்து தொகையைப் பாருங்கள்

பெயர் புரிந்தபின் தொகை ஏன் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். ஹோட்டல் பற்றுகளில் வழக்கமாக வரும் வித்தியாசங்கள் இவை:

1. வரி. பேசிய வாடகைக்கு மேல் ஜி.எஸ்.டி. உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு ரூ.7,500 வரையிலான அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதம் என்று ஆயிற்று. சர்வீஸ் சார்ஜ் என்பது வரி அல்ல. அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று நெறிமுறை வெளியிட்டது. டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதி செய்தது. எனவே அப்படிச் சேர்த்திருந்தால் பணம் கட்டுமுன் கவுண்டரிலேயே நீக்கச் சொல்லலாம்.

2. பிடித்து வைத்த தொகை. டெபாசிட் என்று சொல்லி மிஷினில் போடுவது உண்மையில் பற்று அல்ல. கார்டின் வரம்பில் அவ்வளவு தொகையை ஒதுக்கி வைப்பதுதான். செல்போனில் எஸ்.எம்.எஸ். வரும், மீதி வரம்பு குறையும், ஆனால் பற்று விழாது. கணக்கு முடிந்ததும் ஹோட்டல் அதை விடுவிக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை அன்பர்கள் நன்றாக மனதில் கொள்ள வேண்டும். அந்தத் தொகை மாத ஸ்டேட்மெண்டில் பற்றாக அச்சாகி வந்துவிட்டால், அது பிடித்து வைத்த தொகை அல்ல; எடுத்துக்கொண்ட தொகை. தானாகத் திரும்பாது. நமது ஐயாயிரம் போனது இந்த வித்தியாசம் தெரியாமல்தான். டெபிட் கார்டில் டெபாசிட் போட்டால் நம் கணக்கில் இருக்கும் பணமே முடங்கும். எனவே அதற்கு டெபிட் கார்டைத் தவிர்ப்பது நல்லது.

3. போகாத அறைக்கு வாடகை. கார்டு எண் கொடுத்து அறையை உறுதி செய்துவிட்டுப் போகாமல் இருந்தால், அல்லது கெடு தாண்டி ரத்து செய்தால், ஒரு நாள் வாடகையோ முழுத் தொகையோ எடுப்பார்கள். பதிவு செய்யும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனையில் அது இருந்தால் ஆட்சேபணை நிற்காது. கெடுவுக்குள் ரத்து செய்திருந்தால் ரத்து எண்ணும் ரத்து செய்த தகவலும் நமக்குச் சாட்சி. அவற்றை அழித்துவிடக்கூடாது.

4. புறப்பட்ட பின் போடும் பற்று. அறைக் குளிர்பெட்டியில் எடுத்தது, சலவை, கடைசி நாள் காலைச் சாப்பாடு முதலியவற்றைப் பிறகு சேர்ப்பார்கள். விவரச் சீட்டுக் கேட்பது நம் உரிமை.

5. இரட்டைப் பற்று. இணையதளத்தில் முன்பணம் கட்டியபின் ஹோட்டல் கவுண்டரிலும் முழுத் தொகை வாங்கிவிடுவது. பெயர் இரண்டும் வேறாக இருப்பதால் கண்ணில் படாமல் போய்விடும்.

6. வெளிநாட்டுப் பற்று. துபாய் போன்ற ஊர்களுக்குக் கண்காட்சிக்குப் போய் வருகிற அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே டூரிசம் திர்ஹம் என்று அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு, ஹோட்டலின் தரத்துக்கு ஏற்ப, 7 முதல் 20 திர்ஹம் வரை வசூலிக்கும் முறை 2014-ல் வந்தது. இந்தியாவில் முன்பணம் கட்டியிருந்தாலும் இதைக் கவுண்டரில் தனியாகக் கேட்பதுண்டு. இதில் ஏமாற்று இல்லை. அடுத்தது, மிஷினில் "ரூபாயில் போடவா, திர்ஹத்தில் போடவா?" என்று கேட்டால் அந்த ஊர் நாணயத்தையே சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அங்கேயே நிர்ணயிப்பார்கள். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். இவை போக, அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று நம் வங்கி சில சதவீதமும், அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் போடும். ஸ்டேட்மெண்டில் இது தனி வரியாக இருக்கும்.

மூன்று வகை, மூன்று வாசல்

இவ்வளவு பார்த்தபின் நம் முன் உள்ள பற்று மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வகைக்கு ஏற்றபடிதான் போகும் வாசலும்.

முதல் வகை, தெரியாமல் இருந்து இப்போது புரிந்தது. பில்லை ஸ்டேட்மெண்டோடு சேர்த்துப் பின் அடித்து வைத்தால் வேலை முடிந்தது.

இரண்டாவது, ஹோட்டல் தெரிந்ததே, தொகைதான் தவறு. இதற்கு முதல் வாசல் ஹோட்டல். அவர்களே திருத்திவிட்டால் சில நாளில் வரவு விழும். பத்து நாள் பார்த்துவிட்டு, சரியான பதில் இல்லையேல் வங்கிக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, நாம் போகவும் இல்லை, யாரையும் அனுப்பவும் இல்லை. யாரோ நம் கார்டைப் பயன்படுத்திவிட்டார்கள். இதற்கு ஹோட்டலோடு கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நிமிடமே கார்டை முடக்கச் சொல்லி வங்கியில் புகார் எண் வாங்க வேண்டும். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை வகுத்த முறை இது: வங்கி மேலும் வாடிக்கையாளர் மேலும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் நடந்த மோசடியை, தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை, 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை பொறுப்பு, அதற்கு மேல் என்றால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஓ.டி.பி.யை நாமே சொல்லிவிட்டால் புகார் செய்யும் வரை ஏற்படும் நஷ்டம் நம் தலையில். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே நாளை எண்ணிக்கொண்டிராமல் அன்றைக்கே தெரிவிப்பதே உத்தமம்.

ஒரு எச்சரிக்கை. வங்கியின் போன் நம்பரை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். போலி நம்பர்களைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். கார்டின் பின்புறம் அச்சாகியிருக்கும் நம்பரையே பயன்படுத்துங்கள்.

எழுத்தில் கேளுங்கள்

போனில் எவ்வளவு பேசினாலும் சாட்சி ஆகாது. ஹோட்டலுக்கு ஈ-மெயிலில் கீழ்க்கண்ட மாதிரி எழுதலாம்:

"ஐயா, 2024 ஆகஸ்டு இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தங்கள் ஹோட்டலில் இன்ன எண் அறையில் தங்கினோம். பில் எண் இன்னது, மொத்தம் ரூ.14,210. இத்தொகை எமது கார்டில் பற்றாகியுள்ளது. இதில் தகராறு இல்லை. இதுவன்றி, டெபாசிட்டாகப் பிடித்து வைத்த ரூ.5,000-மும் இன்ன தேதியில் தனியே பற்றாகியுள்ளது. கார்டின் கடைசி நான்கு எண்கள் இன்னவை. இதற்கான பில்லும் சார்ஜ் ஸ்லிப்பும் இருந்தால் நகல் அனுப்பவும். இல்லையேல் பத்து நாளுக்குள் அதே கார்டில் வரவு வைத்துத் தெரிவிக்கவும். பில் நகலும் ஸ்டேட்மெண்ட் நகலும் இணைத்துள்ளோம்."

இதில் கோபமான வார்த்தை ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒப்புக்கொள்ளும் தொகையை முதலில் சொல்கிறோம். தகராறுத் தொகையை மட்டும் தனியே பிரிக்கிறோம். படிக்கிற கணக்கருக்கு வேலை சுலபம். கார்டின் முழு எண்ணையோ, பின்புற மூன்று இலக்கத்தையோ, ஓ.டி.பி.யையோ எந்தக் கடிதத்திலும் எழுதக்கூடாது.

பதில் வராவிட்டால் வங்கியின் ஆட்சேபணைப் படிவத்தைப் பூர்த்தி செய்து, பில், ஸ்டேட்மெண்ட், ஹோட்டலுக்கு எழுதிய கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துக் கொடுத்து, புகார் எண் வாங்க வேண்டும். வங்கி, கார்டு நிறுவனத்தின் மூலம் எதிர்த்தரப்பு வங்கிக்குக் கோரிக்கை அனுப்பும். ஹோட்டல் உரிய தஸ்தாவேஜைக் காட்டாவிட்டால் பணம் நம் பக்கம் திரும்பும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலான தகராறுகளுக்கு 120 நாள் என்பது பொதுவான வரம்பு. அந்த வரம்புக்குள் வேலையை முடிக்க வேண்டியிருப்பதால் நம் வங்கி அதைவிடக் குறைந்த கெடு வைத்திருக்கலாம். ஆகவே ஸ்டேட்மெண்ட் வந்த வாரத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

பில்லை ஆட்சேபித்தால் புகார் செய்த 30 நாளுக்குள் வங்கி விளக்கமும் ஆதாரமும் தர வேண்டும் என்றும், மோசடி என்று ஆட்சேபித்த தொகைக்குத் தகராறு தீரும்வரை கட்டணம் விதிக்கக்கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட கார்டு விதிகள் கூறின. அதற்காக முழுத் தொகையையும் கட்டாமல் நிறுத்திவிடாதீர்கள். ஒப்புக்கொண்ட தொகையைக் கெடு தேதிக்குள் கட்டிவிட்டு, தகராறுத் தொகையைக் கட்டாமல் வைக்கலாமா, வட்டி விழுமா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

வருமுன் காக்க

அறை எடுக்கும்போது, "டெபாசிட் எவ்வளவு, எப்போது விடுபடும்?" என்று கேட்டு, அதற்கான சீட்டையும் வாங்குங்கள். காலி செய்யும்போது டெபாசிட்டையே பில்லில் கழித்து மீதியை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். இல்லையேல் டெபாசிட்டை ரத்து செய்த சீட்டைக் கேளுங்கள். பில்லை நாமே நின்று பார்த்து வாங்குவோம். வெளிநாட்டு உபயோகத்தைக் கார்டில் திறக்கவும் மூடவும் வாடிக்கையாளருக்கே வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. ஊர் திரும்பி, சேர வேண்டிய பற்றுகள் சேர்ந்ததும் அதை மூடிவிடுங்கள். எஸ்.எம்.எஸ். வந்தால் தள்ளிவிடாமல் படியுங்கள்.

நாமும் இன்று கடையில் கார்டு மிஷின் வைத்திருக்கிறோம். நம் வாடிக்கையாளரின் ஸ்டேட்மெண்டில் நம் கடைப் பெயர் எப்படி வருகிறது என்று ஒருமுறை பார்த்து, போர்டுப் பெயரோடு பொருந்தாவிட்டால் மிஷின் கொடுத்த வங்கியிடம் மாற்றச் சொல்லுங்கள். எங்கோ ஒரு வீட்டில் யாரோ யாரையோ சந்தேகப்படாமல் இருக்க அது உதவும்.

நமது கடையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஸ்டேட்மெண்ட் வந்த அன்று மாலை, கல்லாவை மூடியபின், அந்தச் சிப்பந்தி பில்களை வாசிக்க, நாம் ஸ்டேட்மெண்டில் டிக் போடுகிறோம். அரை மணி நேர வேலை. டிக் விழாத வரி இருந்தால் முதலில் பில்லைத் தேடுகிறோம், ஆளைத் தேடுவதில்லை.